பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயரும் அதன் கண்டன்சர்களும்

மாமா வீட்டுப் பரணிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கியபோது மேல்மூடியில் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. 1994-ல் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கி வந்து, ஊர் மெக்கானிக் ஒருவரை வைத்து மாமா கட்டிய ஸ்டீரியோ செட் அது. தெருவில் காதுகுத்து, சடங்கு, பொங்கல் எதுவானாலும் இந்தப் பெட்டிதான் பாடும். கடைசிப் பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு முழம் கீழே கிடந்திருக்கிறது.

"மாப்ள, சும்மா பிளக்க மாட்டிப் பாரேன். கடைசியா போட்டப்ப ர்ர்ர்னு ஒரே இரைச்சல். அதான் தூக்கி மேல வச்சேன்" என்றார் மாமா.

"இப்ப மாட்டக் கூடாது மாமா. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுதான் கரண்ட் குடுக்கணும். ரெண்டு வாரம் டைம் குடுங்க."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அந்த அவசரத்தால் நான் ஒரு பொருளை இழந்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் பழைய ரேடியோவைத் துடைத்து, ஆசையாக நேரே பிளக்கில் போட்டேன். அரை நிமிஷம் பாடியது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மீன் வாடை. மெயின் கண்டன்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் டப்பா, ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று எனக்குக் கிடைக்கவே இல்லை. அதிலிருந்து, பல வருஷம் உறங்கிய எந்தப் பெட்டிக்கும் முதல் நாளே கரண்ட் கொடுப்பதில்லை.

காரணம் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் செய்யப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இரண்டு தகடு, நடுவில் ஒரு காப்புப் பொருள் என்று படம் போட்டிருப்பார்கள். இதில் அந்தக் காப்புப் பொருள் தனியாக வைத்த ஒன்று கிடையாது. அலுமினியத் தாளின் மேலேயே மின்சாரத்தால் வளர்த்த ஆக்சைடு படலம்தான் காப்பு. ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் கனம் என்று கணக்கு. 50 வோல்ட் கண்டன்சரில்கூட எழுபது, நூறு நானோமீட்டர்தான் வரும். அவ்வளவு மெல்லிசாக இருப்பதால்தான் ஒரு கட்டைவிரல் அளவு டப்பாவுக்குள் ஆயிரக்கணக்கான மைக்ரோ ஃபாரட் கொள்ளளவு அடங்குகிறது. உள்ளே காகிதத்தில் ஊறியிருக்கும் திரவம் அந்தப் படலத்தைத் தொட்டுக்கொண்டு இன்னொரு தகடாக வேலை செய்கிறது. கரண்ட் இருக்கும்வரை படலத்தில் எங்காவது சின்ன ஓட்டை விழுந்தால் அதே திரவம் அதை அடைத்துவிடும். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதே திரவம் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அப்போது திடீரென்று முழு வோல்டேஜைக் கொடுத்தால் கண்டன்சருக்குள் லீக்கேஜ் கரண்ட் ஏகமாக ஓடி, சூடேறி, வாயு கிளம்பி, மேல்மூடி பிளக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு சேனலுக்கும் தனித்தனி போர்டு. நடுவில் 25-0-25 டிரான்ஸ்ஃபார்மர். அதன் பக்கத்தில், டி.சி.-யின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து இரைச்சலை அடக்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள். ஒன்று செட் கட்டிய நாளில் போட்ட கெல்ட்ரான், 4700 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். கேரளத்தில் கண்ணூர் பக்கம் செய்தது. முப்பது வருஷம் ஆகியும் தலை தட்டையாக, கீழே ரப்பர் சுத்தமாக இருந்தது. மற்றது பின்னால் யாரோ மாற்றியது. அளவு அதே 4700. வோல்டேஜ் மட்டும் 35. அதன் தலை சோற்றுப்பானை மூடி மாதிரி உப்பி, மேலே கீறியிருக்கும் கோட்டில் பழுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது.

மாமா சொன்ன இரைச்சலுக்குக் காரணம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மரில் 25 என்று எழுதியிருப்பது ஏ.சி. அளவு. ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடைத் தாண்டி கண்டன்சரில் நிற்பது அதன் உச்சம்: 25-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 35 வோல்ட்டுக்கு மேல். டயோடில் முக்கால் வோல்ட் போனாலும் மிச்சம் 34.5. இது 230 வோல்ட் சரியாக வரும்போது. ராத்திரி லைன் 250-க்கு ஏறினால், அதோடு பாட்டும் மெதுவாக ஓடி டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இல்லாமல் இருந்தால், 38, 39 கூட வரும். 35 வோல்ட் கண்டன்சர் தினமும் அதைத் தாங்கியிருக்கிறது. 25-க்கு 35 தாராளம் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். ஏ.சி. அளவைப் பார்த்து கண்டன்சர் வாங்கும் இந்தத் தவறை நிறையப் பெட்டிகளில் பார்த்துவிட்டேன். டி.சி.-யில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாக வாங்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர்டில் சின்னக் கண்டன்சர்களின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. லீக் என்று நினைக்கத் தோன்றும். நகத்தால் சுரண்டினேன், ரப்பர் மாதிரி பெயர்ந்தது. அது கண்டன்சர் ஆடாமல் இருக்க வைத்த பசை. லீக் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. இந்த வகைப் பழைய பசை வருஷம் ஆக ஆகப் பழுத்து, லேசாகக் கரண்ட் கடத்தும். பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர் காலையும் அரிக்கும். பொறுமையாகச் சுரண்டி எடுத்து, ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். இரண்டு போர்டுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

அப்புறம் அளந்து பார்த்தேன். சாதாரண மல்டிமீட்டரில் கண்டன்சர் ரேஞ்ச் இருந்தாலும் அது பாதிக் கதைதான் சொல்லும். வேல்யூ சரியாகக் காட்டிக்கொண்டே, உள்ளே தடை ஏறிப்போன கண்டன்சர்கள் உண்டு. அந்த உள்தடையை, அதாவது இ.எஸ்.ஆரை, தனி மீட்டரில் அளக்க வேண்டும். திரவம் வற்ற வற்ற முதலில் ஏறுவது பெரும்பாலும் இதுதான். தலை உப்பாமலே செத்துக் கிடக்கும் கண்டன்சர்களை இது காட்டிக்கொடுக்கும். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது டி.வி., கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை, வேலை செய்கிறவர்களுக்கு நான் கையைப் பிடித்துச் சொல்வது இதுதான்: ஆசிலாஸ்கோப் அப்புறம் வாங்கலாம், முதலில் ஒரு இ.எஸ்.ஆர். மீட்டர் வாங்குங்கள்.

உப்பிய 35 வோல்ட் கண்டன்சர் காட்டியது 410 மைக்ரோ ஃபாரட், உள்தடை 3 ஓம். புதிதாக இருக்கும்போது 4700-ம், ஒரு ஓமில் நூறில் சில பங்கும் இருந்திருக்கும்.

அதைத் தூக்கி எறியும் முன் கையுறை போட்டுக்கொண்டு அறுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையை உரித்து, அலுமினிய டப்பாவின் வாயோரம் சின்ன ரம்பத்தால் வெட்டியதும் உள்ளே இருந்த உருளை தானாகவே கழன்று வந்தது. நல்ல கண்டன்சரில் அது ஈரமாக, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டும். இது ஓலைச்சுருள் மாதிரி காய்ந்திருந்தது. சுருளைப் பிரித்தேன். ஒரு தாள் பளபளப்பாக, மற்றது மங்கலாக. மங்கல் தாள்தான் நேர்மின் பக்கம். பரப்பளவு கூடட்டும் என்று கண்ணுக்குத் தெரியாத குழிகளை அமிலத்தால் அரித்து உண்டாக்கியிருப்பார்கள், அதனால்தான் அந்த மங்கல். நடுவில் காகிதம். மேல் பக்கம் முழுக்கக் காகிதம் பழுத்து, தொட்டதும் நொறுங்கியது. அடியில், ரப்பரை ஒட்டிய விரல் அகலத்துக்கு மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சம். அந்த விரல் அகலம்தான் 410 மைக்ரோ ஃபாரட்.

கெல்ட்ரானை என்ன செய்வது? வயசைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக இருக்கும் பழசை எடுத்துவிட்டு, தரம் தெரியாத புதுசைப் போட்டு நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அதற்கு ஒரு வாய்ப்பு கொடுக்க நினைத்தேன். மெதுவாக வோல்டேஜ் ஏற்றி அந்த ஆக்சைடு படலத்தை மறுபடி வளர்க்கலாம். ரீஃபார்மிங் என்பார்கள்.

போர்டிலிருந்து கழற்றி, 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, டூயல் பவர் சப்ளையின் இரண்டு பக்கத்தையும் அடுக்கி இணைத்தேன். மீட்டரைக் கண்டன்சரில் வைக்கவில்லை, ரெசிஸ்டரின் மேல் வைத்தேன். 1 கிலோ ஓம் ஆனதால் மீட்டரில் எத்தனை வோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர் லீக்கேஜ். கணக்கே வேண்டாம். 10 வோல்ட் கொடுத்து ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 2.1 மில்லி ஆம்பியர். இந்த வோல்டேஜுக்கு அது நிறைய. அரை மணி நேரத்தில் 0.3-க்கு இறங்கியது. 20-க்கு ஏற்றினேன், மறுபடி 1.6, மறுபடி இறங்கியது. 30. அப்புறம் 40. ஒவ்வொரு படியிலும் கரண்ட் இறங்கி அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்த படி. இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ, டப்பா கைக்குச் சுட்டாலோ அதோடு விட்டுவிட வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் 40 வோல்ட்டில் 0.12 மில்லி ஆம்பியர். அளந்தால் 4310 மைக்ரோ ஃபாரட், உள்தடை 0.06 ஓம். முப்பது வயசுக் கண்டன்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

உப்பியதற்குப் பதில் 4700 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட், 105 டிகிரி சூடு வரைக்கான வகை வாங்கினேன். வாங்கும்போது கையில் எடுத்து எடை பாருங்கள். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கண்டன்சரை வைத்து உறை போட்டு விற்பது உண்டு, எடையிலேயே தெரிந்துவிடும். கடைக்காரர் விலை அதிகம் என்று தயங்கி எடுத்துக் காட்டும் நல்ல பிராண்டைத்தான் நான் வாங்குவேன். பத்து வருஷத்துக்கு அந்த விலை வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்கவும் வேண்டாம். அலமாரியில் இருந்தாலும் அதற்கு வயசு ஏறத்தான் செய்யும். நான் கவர் மேல் வாங்கிய மாதத்தை எழுதி, பழசை முதலில் எடுக்கிறேன்.

மாட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. அலுமினியக் கண்டன்சரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். டான்டலம் என்ற இன்னொரு வகைக் கண்டன்சர் என்றால் பட்டை பக்கம் பிளஸ்; இந்த ஒரு வித்தியாசத்தில் நிறையப் பேர் தவறியிருக்கிறார்கள். போர்டில் அச்சடித்த குறியை மட்டும் நம்பாமல், பழையதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் லைனில் இருக்கும் ஃபில்டரில் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

பவர் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு சீரீஸில். ஒரு முறை பளிச்சென்று எரிந்து, மங்கி, இழை மட்டும் சிவப்பாக நின்றது. ஷார்ட் இல்லை. சீரீஸ் பல்பு இருந்தால் ரீஃபார்மிங் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பல்பு ஷார்ட்டிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். கண்டன்சரில் சில விநாடியிலேயே கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் ஏறிவிடும். படலம் வளர நேரம் கிடைக்காது. அதோடு இது டிரான்ஸ்ஃபார்மர் செட் என்பதால்தான் இவ்வளவு சுலபம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பல்பில் போட்டால் வோல்டேஜ் பத்தாமல் திரும்பத் திரும்பக் கிளம்பப் பார்த்து, டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நிற்கும். அதில் முதல் கண்டன்சரில் நிற்பது 325 வோல்ட் டி.சி. என்பதால் அங்கே தெரியாமல் கை வைக்கவே வேண்டாம்.

கரண்டை நிறுத்திவிட்டு மறுபடி போர்டில் கை வைக்கும் முன், 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இரண்டு பெரிய கண்டன்சரையும் இறக்கினேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம். பொறி பறந்து முனை குழிவது கிடக்கட்டும், அந்த அதிர்ச்சி கண்டன்சருக்கும் நல்லதில்லை.

பல்பை எடுத்துவிட்டு நேரே கரண்ட் கொடுத்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. ஃபில்டரில் ஏ.சி. ரேஞ்சில் பார்த்தால் இரண்டு பக்கமும் 0.1 வோல்ட்டுக்குக் கீழே. ஆனால் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டதும் வலது ஸ்பீக்கரில் ஏதோ குறைந்தது. தவிலின் வலந்தலை, விரல் கூடு படும் பக்கம், கணீரென்று கேட்கிறது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் எழவே இல்லை. இடது ஸ்பீக்கரில் அது நெஞ்சில் வந்து இடிக்கிறது.

ஸ்பீக்கரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குறை வலது போர்டோடுதான் இருந்தது. வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஃபீட்பேக் லைனில் இருக்கும் 47 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரைக் கழற்றி அளந்தால் 3 மைக்ரோ ஃபாரட். உப்பவும் இல்லை, ஒழுகவும் இல்லை, பார்ப்பதற்குப் புதுசு மாதிரி. அதோடு சேர்ந்த ரெசிஸ்டர் 680 ஓம். 47 இருந்தால் ஒலி 5 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும். 3 ஆனதும் 78 ஹெர்ட்ஸிலேயே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சரியத் தொடங்கிவிடும். தொப்பியின் ஒலி போன இடம் அதுதான்.

இடது போர்டில் அதே கண்டன்சர் 44 காட்டியது. ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் போட்ட இரண்டு கண்டன்சர்கள். வலது போர்டில் அதைக் கட்டும்போது, டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டை ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டரின் டெம்பரேச்சர் முனையை அங்கே ஒட்டி, ஒரு மணி நேரம் பாட்டை ஓடவிட்டேன். 68 டிகிரி. இடது பக்கம் 46.

கண்டன்சர் மேல் 2000 மணி நேரம், 85 டிகிரி என்றால், 85 டிகிரியிலேயே நிறுத்தாமல் ஓட்டினால் 2000 மணி நேரம் தாங்கும் என்று பொருள். அதிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரண்டு மடங்காகும். 68 டிகிரியில் இது ஏறக்குறைய 6500 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் பாடினால் நாலரை வருஷம். 46 டிகிரியில் கிட்டத்தட்ட 30,000 மணி நேரம், அதாவது இருபது வருஷம். ஒரு விரல் தூரத்தில் வந்த வித்தியாசம் இது. 105 டிகிரி வகையைப் போட்டால் இதே 46 டிகிரியில் கணக்கு லட்சம் மணி நேரத்தைத் தாண்டும். அதை அப்படியே நம்பிவிட முடியாது, ஏனென்றால் அடியில் இருக்கும் ரப்பரும் காயும். பல தயாரிப்பாளர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் கணக்குப் போட வேண்டாம் என்கிறார்கள். கெல்ட்ரான் அதைத் தாண்டி நிற்பது நல்ல ரப்பராலும், ஹீட் சிங்க்கிலிருந்து தள்ளி உட்கார்ந்த இடத்தாலும்தான்.

நம் ஊர் வெயிலில் இந்தக் கணக்கு சும்மா ஏட்டுக் கணக்காக இருக்க முடியாது. மே மாதம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி. அதன் மேல் பெட்டிக்குள் 20 டிகிரி ஏறினால் எந்தக் கண்டன்சரும் 55-ஐத் தாண்டித்தான் வேலை செய்கிறது. டி.வி.க்கு மேல் செட்டாப் பாக்ஸ், அதற்கு மேல் மோடம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு துணி விரிப்பு என்று அடுக்கி வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனால் நான் முதலில் அந்தத் துணியை எடுத்துவிடுவேன்.

புதிய 47-ஐ, 105 டிகிரி வகை, காலைக் கொஞ்சம் நீட்டமாக விட்டு, ஹீட் சிங்க்குக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தேன். 22 டிகிரி முழுசும் குறையவில்லை, 51-ல் நின்றது. பெட்டியின் அடிமூடியில் நாலு துளை போட்டு, கால்களுக்கு உயரமான ரப்பர் புஷ் வைத்ததும் 48. மேல்மூடியின் துளைகளை மறைத்து யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் பிய்த்தேன்.

மாமாவிடம் கொண்டு போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எத்தன வருஷம் ஓடும் மாப்ள?"

"அது உங்க கைல இருக்கு மாமா. பரண்ல மட்டும் ஏத்தாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் பாட விடுங்க. பக்கத்துல ஒரு சாண் காத்து போகட்டும்."

மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் கண்டன்சர் எந்த மாதம் மாற்றியது, கெல்ட்ரானின் அளவு 4310, உள்தடை 0.06. அடுத்த பொங்கலுக்குப் போகும்போது அதே மீட்டரைக் கொண்டு போய் மறுபடி அளந்து, அதன் பக்கத்தில் எழுதுவேன்.

இரண்டு ஸ்பீக்கரிலும் தொப்பி கேட்டதும் மாமா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய், ஹால் அலமாரியின் நடுத்தட்டிலிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அதற்கு இடம் செய்தார்.